அப்பா இழுக்கும் மாம்பழம்

4 ஜனவரி, ஞாயிறு

அப்பாவின் வேப், அதாவது மின்சிகரெட், ஒழுகுகிறது. சட்டைப் பையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். துவைக்க எடுத்த சட்டையை அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒங்கப்பா பையில மாம்பழத்த வச்சிக்கிட்டு ஒக்காந்துட்டாரு போல" என்றார். சிரித்தோம். அம்மாவுக்கு இருமல் வந்தது. சிரிப்பை நிறுத்திக்கொண்டோம்.

நவம்பரில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் பார்த்து, வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது என்று கேட்டார். அம்மா வாழ்நாளில் ஒன்றைத் தொட்டதில்லை. நானும்தான். அப்பா கையைத் தூக்கினார். பதில் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை தூக்குவதைப் போல, முழங்கை மடங்காமல், நேராக. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுதி முடிக்கும்வரை அவர் கையை இறக்கவில்லை.

அன்றைக்கு விட்டதுதான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிடித்தவர். ஒன்றின் நெருப்பில் இன்னொன்றைப் பற்ற வைப்பவர். நானாக இருந்தால் அந்த வார்டில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

சிகரெட்டுக்குப் பதிலாகத்தான் இந்த வேப். அப்பா லோரி ஓட்டும் கம்பெனியில் யாரோ கைமாற்றி விட்டது. வாசல் கேட்டுக்கு வெளியே, ரோட்டில் நின்றுதான் இழுப்பார். கிளினிக்கில் நர்ஸ் மிஸி, "இதுவும் நல்லதில்ல, இதையும் விடணும்" என்று கண்டித்தபோது, "ஒவ்வொன்னா வர்றேன் மிஸி. மொதல்ல அது, அப்புறம் இது" என்றார்.

ஒழுகினால் இழுக்க முடியாது. இழுக்க முடியாவிட்டால் அப்பா எதைத் தேடிப் போவார் என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

6 ஜனவரி, செவ்வாய்

அப்பா விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விடுகிறார். கடைக்குப் போக அவருக்கு நேரமில்லை. நான் போனேன்.

டவுனில் இருக்கும் வேப் கடையைத் தாண்டி இரண்டு தரம் நடந்தேன். உள்ளே ஆண்கள் மட்டும் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது தரம் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது கல்லாவில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கதவைத் தள்ளினேன்.

"யாருக்கு?" என்றார்.

"அப்பாவுக்கு."

"இங்க வர்ற எல்லாப் பொண்ணுங்களும் அப்பாவுக்குன்னுதான்லா சொல்லுவாங்க."

"நெஜமா அப்பாவுக்குதாங்க்கா" என்று சொல்வதற்குள் எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே கருவியை வாங்கிப் பிரித்தார். பெயர் கஸ்தூரி. கடை ஒரு சீனருடையது, பார்த்துக்கொள்வது இவர். உள்ளே சூடேறும் கம்பிச் சுருள், 'காயில்', போய்விட்டது, அதைச் சுற்றிய பஞ்சு கருகிவிட்டது என்று காட்டினார். புதுக் காயில் வாங்கி வந்தேன். எனக்குப் பின்னால் கடைக்குள் வந்த ஓர் இளைஞன் அவரிடம் ஏதோ குதர்க்கமாகக் கேட்டான். "ஒன் வாய்க்கு இங்க ஸ்பேர் பார்ட் இல்ல, போ" என்றார். வடையை மட்டும் கீழே வைக்கவில்லை. அப்படிப் பேச எனக்கு இன்னொரு பிறவி வேண்டும்.

11 ஜனவரி, ஞாயிறு

காயிலை நானே மாற்றினேன். திருகி எடுத்து, திருகிப் போட்டு, மாம்பழத் திரவத்தை ஊற்றி, உடனே அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஓர் இழுப்புதான். கண்களில் நீர் வர இருமினார். புதுப் பஞ்சு முழுக்க ஊறும்வரை காத்திருக்க வேண்டுமாம். காய்ந்த பஞ்சு கருகி, அந்தப் புகை அவர் தொண்டைக்குள் போயிருக்கிறது.

"பரவால்ல, பரவால்ல. எம்மவ மொதத் தடவ செஞ்ச ரசமும் இப்படித்தான் இருந்துச்சி" என்றார்.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு முனைக் கடைக்குப் போனார். அம்மா வாசலில் நின்றார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் என்ன இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்பா முட்டை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் முட்டை இருந்தது. அம்மா அதையும் வாங்கி அடுக்கி வைத்தார்.

வடக்கே, பிறை என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து இன்றைக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. டிசம்பரில் நேர்காணல் செய்தவர்கள். நாளை போன் செய்வார்களாம்.

12 ஜனவரி, திங்கள்

போன் அடித்தது. லைன் சரியிருக்காது என்று எடுக்கவில்லை.

15 ஜனவரி, வியாழன்

பொங்கல். பால் பொங்கியது. கருவியும் வேலை செய்கிறது. இரண்டில் எதற்கு அம்மா அதிகம் சந்தோஷப்பட்டார் என்று தெரியவில்லை.

அப்பாவின் விரல்கள் கண்டெய்னர் பூட்டுகளுக்குப் பழகியவை. டேங்கின் மூடியைத் திறந்து அந்தச் சிறு துளையில் ஊற்றப் போனால் பாதி மேசையில் கொட்டுகிறது. அதனால் தினமும் காலையில் நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு; அதற்குள் பேட்டரி. தலையில் டேங்க். டேங்கின் நடுவில் சுண்டுவிரல் நுனியளவு காயில். பட்டனை அழுத்தினால் கம்பி சூடாகிறது, பஞ்சிலிருக்கும் ஈரம் ஆவியாகிறது, ஒரு சின்னக் குமிழி மேலே வந்து உடைகிறது. அந்தக் குமிழி வந்தால் உள்ளே எல்லாம் சரி. வேதியியல் படித்த நான் எத்தனையோ கருவிகளைத் தொட்டிருக்கிறேன். ஒன்றும் என் வீட்டு மனிதருக்கு உதவியதில்லை.

கம்பெனியில் அப்பாவைக் கிண்டல் செய்கிறார்களாம். "தனபாலன் சொல்றான், அண்ணே ஒங்க லோரி பின்னாடி வந்தா பழக்கடை பின்னாடி வர்ற மாதிரி இருக்குன்னு." சொல்லிவிட்டு அப்பாவே சிரித்தார். பிறகு, "இருந்தாலும் பாப்பா, சர்பத்த மூச்சில இழுக்கற மாதிரிதான் இருக்கு. மனுசன் இழுக்கற சாமானா இது?" என்றார்.

20 ஜனவரி, செவ்வாய்

மறுபடியும் ஒழுகுகிறது.

பிறையிலிருந்து எழுத்தில் அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் சோதிக்கும் லேபில் வேலை. மார்ச் இரண்டாம் தேதி சேர வேண்டும். பிப்ரவரி இருபதுக்குள் நான் போன் செய்து உறுதி சொல்ல வேண்டும். ஹாஸ்டல் உண்டு. அம்மாவிடம் காட்டினேன்.

"போன் பண்ணிட்டியா?"

"இத சரி பண்ணிட்டு பண்றேம்மா."

அம்மா கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்த டப்பாவுக்கு மிஸி வேல பாக்கத்தான் பட்டம் வாங்கினியா?"

அம்மாவுக்கு இது புரியாது. நான் போய்விட்டால் காலையில் யார் நிரப்பிக் கொடுப்பது? அப்பா எரிச்சலில் தூக்கிப் போட்டுவிட்டு முனைக் கடைக்குப் போனால்? போன் செய்வதில் எனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை. நேரம்தான் இல்லை.

24 ஜனவரி, சனி

கஸ்தூரி அக்கா ரப்பர் வளையங்களை எல்லாம் மாற்றிக் கொடுத்தார். "ஒங்கப்பா இத வச்சி ஆணி அடிக்கறாரா?" என்று கேட்டார். டேங்கின் பிளாஸ்டிக் மங்கலாக, பனி படிந்ததுபோல் இருக்கிறது. போன மாதம் பளிச்சென்று இருந்தது.

28 ஜனவரி, புதன்

ஒழுகுகிறது.

1 பிப்ரவரி, ஞாயிறு

தைப்பூசம். நம்மூர்க் கோயிலில் அம்மா பால்குடம் எடுத்தார். வேண்டாம் என்று நாங்கள் இருவரும் சொல்லிப் பார்த்தோம். "ஆஸ்பத்திரியில வேண்டிக்கிட்டது. நானா எடுக்கறேன், அவன் எடுக்க வைக்கறான்" என்றார். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா நடக்க, மூச்சு மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா பக்கத்திலேயே நடந்தார். அம்மா நின்றால் நின்றார். அம்மா நடந்தால் நடந்தார். கோயிலுக்கு வேண்டாம் என்று கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். வெயில் ஏறிய பிறகு அவர் கை சட்டைப் பைக்குப் போவதும், வெறும் பையைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுமாக இருந்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இவ்வளவு பிடிவாதத்தை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தார்?

வீட்டுக்கு வந்து டேங்கைத் திறந்தேன். கோடாலித் தைல வாசனை குப்பென்று வந்தது.

எங்கள் வீட்டில் அந்த வாசனை சுவரிலேயே இருக்கிறது. அம்மா காலையும் மாலையும் நெஞ்சில் தேய்ப்பார். அதனால்தான் இத்தனை நாளாக எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்குப் பால்குடத்துக்காகக் குளித்துப் போன அம்மா தேய்க்கவே இல்லை. வாசனை அம்மாவிடமிருந்து வரவில்லை. டேங்குக்குள்ளிருந்து வந்தது.

2 பிப்ரவரி, திங்கள்

அப்பா வேலை முடிந்து வந்ததும் கேட்டேன்.

"அப்பா, இதில தைலம் ஊத்தினீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானார். "ரெண்டு சொட்டு."

"எப்பேர்ந்து?"

"வாங்கினதிலேர்ந்து."

அம்மா சமையலறையிலிருந்து, "அதான் என் பாட்டில் மாசத்துக்கு ரெண்டு காலியாவுதா! எலி குடிக்கிதோன்னு பாத்தேன்" என்றார்.

"புதினா சிகரெட்டு பழக்கம் பாப்பா. மாம்பழம் தொண்டையில நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு சொட்டு விட்டா அதே ஜில்லுன்னு. நெஞ்சுச் சளிக்கும் நல்லதுதானே? ஒங்கம்மா பூசறால்ல?"

"அம்மா வெளிய பூசறாங்கப்பா. நீங்க உள்ள இழுக்கறீங்க. எண்ணெய் நுரையீரலுக்குள்ள போவக் கூடாதுப்பா. அது சிகரெட்டு மாதிரியே கெடுக்கும்."

என் குரல் உயர்ந்துவிட்டது. அப்பாவிடம் நான் இப்படிப் பேசியதில்லை. தைலம் பிளாஸ்டிக்கை அரிக்கும் என்பதையும் சொன்னேன். டேங்கை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன். முடியைவிட மெல்லிய விரிசல்கள், சிலந்தி நூல்போல. வளையத்தை எத்தனை மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

அப்பா அதை வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "தைலம் இவ்வளவு வேல பாக்குதா" என்றார். பிறகு தைல பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அம்மாவின் தலைமாட்டில் வைத்தார். "இனிமே இது ஒன்னோடது. சத்தியமா தொட மாட்டேன்."

தூங்கப் போகும்வரை ஒன்றையும் இழுக்கவில்லை. காலையில் லோரிக்கு எடுத்துப் போக, பை நிறைய கச்சான் கடலை நிரப்பி வைத்தார்.

5 பிப்ரவரி, வியாழன்

கஸ்தூரி அக்காவிடம் கோடாலித் தைலக் கதையைச் சொன்னேன். கல்லாவின் மேல் கவிழ்ந்து சிரித்தார். "இதுக்கு முன்னாடி ஒருத்தர் டேங்குக்குள்ள திருநீறு போட்டுக்கிட்டு வந்தாரு. ஆனா ஒங்கப்பாதான்லா ராஜா!" பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "இருமல், மூச்சிரைப்பு ஏதாச்சும் இருந்தா டாக்டர்கிட்ட இத மறைக்காம சொல்லச் சொல்லு" என்றார். அப்பாவை இந்தச் சனிக்கிழமை கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும்.

கண்ணாடி டேங்க் ஒன்றும், புதினாச் சுவைத் திரவமும் வாங்கினேன். கண்ணாடியைத் தைலம் ஒன்றும் செய்யாது, ஆனால் கீழே விழுந்தால் போயிற்று என்றார். சீனப் பெருநாளுக்குப் பதினான்காம் தேதியிலிருந்து கடை மூடல். அவரும் சொந்த ஊரான பீடோருக்குப் போய்விடுவார்.

நான் முதல் தரம் வந்தபோது இருந்ததைவிட இப்போது நன்றாகப் பேசுகிறேன் என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

8 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று கிளினிக்கில் அப்பா தைலத்தைப் பற்றி அவரே சொன்னார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நெஞ்சு பரவாயில்லையாம். மிஸி, "இதையும் எப்ப விடப் போறீங்க?" என்று கேட்டார். "வந்துக்கிட்டே இருக்கேன் மிஸி" என்றார்.

டேங்க் ஒழுகவில்லை. குமிழி வருகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது. பிறைக்கு நாளை போன் செய்யலாம்.

11 பிப்ரவரி, புதன்

மழை. வீட்டில் நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் பிள்ளைகள் வரவில்லை. வீட்டைக் கழுவினேன். போன் செய்யவில்லை.

16 பிப்ரவரி, திங்கள்

மதியம் சாப்பிட்டு முடித்தபோது அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் போன் செய்வதே இல்லை.

"பாப்பா, கண்ணாடி ஒடஞ்சிடுச்சி."

லோரியிலிருந்து இறங்கும்போது பையிலிருந்து நழுவிப் படியில் விழுந்ததாம். நாளைக்குப் பெருநாள் என்பதால் எல்லாரும் இன்றைக்கே சரக்கை இறக்கப் பார்க்கிறார்கள். துறைமுக கேட்டுக்கு வெளியே லோரிகள் நகராமல் நிற்கின்றன. என்ஜினை அணைத்துவிட்டு எல்லாரும் இறங்கி நின்று சிகரெட் பிடிக்கிறார்கள். "எனக்கு முன்னாடி, பின்னாடி, பக்கத்தில, எல்லாப் பக்கமும் புகதான்" என்றார். சிரிப்பதுபோல் சொன்னார். அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

கடை மூடியிருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். வேறு கடையைச் சொல்லலாமென்றால் லோரியை வரிசையிலிருந்து எடுக்க முடியாது.

"கடல இருக்காப்பா?"

"தீந்துடுச்சி."

அவர் போனை வைக்கவில்லை.

"பேசு பாப்பா" என்றார்.

"என்னா பேச?"

"என்னமோ பேசு. என்னா சமையல்?"

புளிச்சாறும் கருவாடும் என்றேன். கருவாட்டில் உப்பு அதிகம் என்றேன். அதோடு தீர்ந்துபோனது. நான் போனில் இவ்வளவுதான் பேசுவேன், எல்லாருக்கும் தெரியும். அம்மா எதிரே வந்து உட்கார்ந்து, நிறுத்தாதே என்று கையைச் சுழற்றினார். டியூஷன் பிள்ளை ஒருத்தி 'பெருக்கல்' கணக்கைத் துடைப்பத்தோடு படம் வரைந்ததைச் சொன்னேன். எதிர்வீட்டு நாய் தபால்காரரோடு சிநேகமாகிவிட்டதைச் சொன்னேன். தைலம் ஏன் பிளாஸ்டிக்கை உடைக்கிறது, கண்ணாடியை ஏன் உடைப்பதில்லை என்று ஒரு பாடமே நடத்தினேன். "சரி, அப்புறம்?" என்றார் ஒவ்வொன்றுக்கும். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

சொல்ல ஒன்றும் இல்லாமல் போனபோது, முதல் வருடத்தில் பல்கலைக்கழகக் கேண்டீனுக்குள் போகாமல் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொல்லிவிட்டேன். உள்ளே எந்த மேசையில் உட்காருவது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல்.

அப்பா போனை வாயருகே கொண்டுவந்தார் போலும், குரல் கிட்டத்தில் கேட்டது.

"கூட்டாளிங்க இருக்காங்களான்னு வாரா வாரம் கேட்டேனே."

"ஆமாப்பா."

"இருக்காங்கன்னு சொன்னியே."

"ஆமாப்பா."

"அப்புறம் எப்ப உள்ள போயி சாப்ட்ட?"

"ரெண்டாவது வருசம்."

"யாரு கூப்ட்டா?"

"யாரும் கூப்டல. நானே போனேன்."

"ம்ம்" என்றார். அந்த ஒரு சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அப்போது லோரிக் கதவை யாரோ தட்டுவது கேட்டது. பிறகு தனபாலனின் குரல். "அண்ணே, என்னாண்ணே ஒடைஞ்சிபோச்சா? இந்தாங்க, ஒன்னு போடுங்க. ஒன்னுதானேண்ணே, அண்ணிக்குத் தெரியவா போவுது?"

அம்மாவுக்கும் கேட்டது, போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் பேச்சை நிறுத்தியிருந்தேன். லோரியில் ஏதோ விசிறி ஓடும் சத்தம். அது நீண்டுகொண்டே போனது.

"வேணாம்டா" என்றார் அப்பா. "எம்மவ பேசிக்கிட்டு இருக்கா."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏன் நிறுத்திட்ட? பேசு" என்றார்.

அம்மா வைத்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு, "பிறையில வேல கெடச்சிருக்குப்பா" என்றேன்.

"தெரியும். அம்மா சொன்னா."

"நா இன்னும் போன் பண்ணல."

"அதையும் சொன்னா."

"நா போயிட்டா வேப்புக்கு யாருப்பா ஊத்துவா? காயில் யாரு மாத்துவா?"

"கண்ணாடி வந்தா நா ஊத்திக்கறேன். மேசையில கொட்டினா ஒங்கம்மா ஏசப் போறா, ஏசிட்டுப் போவட்டும். இன்னைக்கி அது இல்லாமத்தானே ஒக்காந்திருக்கேன்?"

"நா பேசிக்கிட்டு இருந்தேன்பா. அதனால."

வரிசை நகர்ந்துவிட்டது போலும். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அப்பா என்ஜினைப் போட்டார். அந்த இரைச்சலில் அவர் கத்திச் சொன்னது அம்மாவுக்கும் எனக்கும் தெளிவாகவே கேட்டது.

"அங்கேர்ந்து பேசினா கேக்காதா?"

19 பிப்ரவரி, வியாழன்

கடை இன்னும் திறக்கவில்லை. அப்பா வீட்டில் கடலையும் என் பேச்சுமாக இருக்கிறார். நேற்று கேட்டுக்கு வெளியே நின்று வெறும் கையை உதட்டுக்குக் கொண்டுபோனார். பார்த்துவிட்டு ஓடிப்போய் எதிர்வீட்டு நாயைப் பற்றிச் சொன்னேன். "அதத்தான் ஏற்கெனவே சொல்லிட்டியே" என்றார். நின்று கேட்டார்.

காலையில் பிறைக்குப் போன் செய்தேன். ஓர் அம்மா எடுத்தார். வருகிறேன் என்று சொன்னேன். சம்பளம், ஹாஸ்டல், சீருடை எல்லாம் விளக்கிவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

இடைவேளையில் லேபுக்கு வெளியே போய்ப் போன் பேசலாமா என்று கேட்டேன்.

தாராளமாக, எவ்வளவு நேரம் என்றார்.

கொஞ்சம் நீளமாக, என்றேன்.